காருக்குள்ள மார்டர் தொல்லை: ஷாக் பிளேட் கிட் ரிவ்யூ

ராத்திரில இன்ஜினுக்குள்ள பூந்து வயரைக் கடிக்கிற மார்டர்ங்கிற பிராணியை விரட்டுற கிட் பத்தின ரிவ்யூ இது, ஜெர்மனில கராஜ் இல்லாம தெருவுலயோ திறந்த பார்க்கிங்லயோ கார் நிறுத்துற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன். முடிவை முதல்லயே சொல்லிடறேன். 12 வோல்ட் கார் பேட்டரில கனெக்ட் பண்ற, ஆறு ஸ்டீல் பிளேட்டோட வர்ற ஷாக் கிட் தாராளமா வாங்கலாம். ஆனா இன்ஜின் பகுதியை நல்லா கழுவாம அதை மாட்டாதீங்க, கழுவாம மாட்டினா போட்ட காசுல பாதி வீண். பிராண்ட் பேரை வேணும்னுதான் எழுதல, ஏன்னா இதே டிசைன்ல பல கம்பெனி விக்கிறாங்க, உள்ள இருக்கிற வேலை எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நான் வாங்கினது 130 யூரோ சுத்தி.

ஊர்லேர்ந்து புதுசா வந்தவங்களுக்கு மார்டர்னா என்னன்னு தெரியாது, அதனால கொஞ்சம் சொல்லிட்டுப் போறேன். ஜெர்மன்ல மார்டர், இங்கிலீஷ்ல மார்ட்டென். கீரி மாதிரி நீள உடம்பு, புசுபுசுன்னு வாலு, எடை ஒன்றரை ரெண்டு கிலோ இருக்கும், குடும்பம் வீசல், நீர்நாய் இதுங்களோட குடும்பம். ஜெர்மனில ரெண்டு வகை உண்டு. காட்டுலயே இருக்கிற பைன் மார்டருக்கு கழுத்துல மஞ்சள் திட்டு. மனுஷங்க பக்கத்துல வந்து பரண்லயும் கொட்டகையிலயும் குடியிருக்கிறது ஸ்டோன் மார்டர், இதுக்கு கழுத்துல வெள்ளைத் திட்டு, அது முன்னங்கால் பக்கம் ரெண்டாப் பிரிஞ்சு இறங்கும். கார்ல கை வைக்கிறது இந்த ரெண்டாவது ஆளு. ராத்திரிதான் நடமாட்டம், அஞ்சு சென்டிமீட்டர் இடைவெளி கிடைச்சா உள்ள பூந்துடும், காருக்கு அடியில அந்த மாதிரி சந்து எத்தனை இருக்குன்னு குனிஞ்சு பார்த்தா உங்களுக்கே புரியும்.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இதோட சொந்தக்காரன் இருக்கான், நீலகிரி மார்ட்டென். கழுத்து ஆரஞ்சு கலந்த மஞ்சள்ல ஜொலிக்கும், தென்னிந்தியாவுல இருக்கிற ஒரே மார்ட்டென் அதுதான், உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அதைக் காட்டுல நேர்ல பார்த்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம், ஆனா இங்க அதோட ஒண்ணுவிட்ட தம்பி நம்ம பானட்டுக்கு அடியில படுத்துத் தூங்கிட்டு இருக்கான்.

என் கார்ல போன வசந்த காலத்துல திடீர்னு இன்ஜின் லைட் எரிய ஆரம்பிச்சுது, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா வண்டி திக்கித் திக்கிப் போச்சு. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் வொர்க்ஷாப் வச்சிருக்கார், அங்க கொண்டு போனேன். பானட்டைத் தூக்கின உடனே டார்ச் அடிச்சு, "தம்பி, வடிவாப் பாருங்கோ, இது மார்டர்ட வேலை, எலி கடிச்சா இப்பிடி இராது"ன்னார். காட்டினதைப் பார்த்தேன். இக்னிஷன் கேபிள்ல ஊசியால குத்தின மாதிரி சின்னச் சின்ன ஓட்டை, ரெண்டு ரெண்டா ஜோடியா, கோரைப் பல்லு இறங்கின இடம். எலின்னா கரண்டி கரண்டி சுரண்டியிருக்கும், ஓரத்துல பல்லு வரி வரியாத் தெரியும். பானட் உள்பக்கம் ஒட்டியிருக்கிற சத்தம் தடுக்கிற மெத்தையைப் பிச்சு எறிஞ்சிருந்துது, பேட்டரி மூடி மேல படிஞ்சிருந்த தூசில கால் தடம் அச்சு அசலா இருந்துச்சு, அஞ்சு விரல். பூனைன்னா நாலு விரல்தான் பதியும், நகமும் தெரியாது. ஓரமா கொஞ்சம் எச்சம் வேற, அதுல செர்ரிக் கொட்டை. பழமும் தின்னும், எலியும் தின்னும், முட்டை, பறவை, வண்டு எல்லாம் தின்னும், கொட்டையை வேற இடத்துல கொண்டு போய்ப் போடும், அப்படிப் பார்த்தா மரம் நடுற வேலையும் இது பார்க்குது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இது புரிஞ்சாதான் எந்த ப்ராடக்ட் வேலை செய்யும் எது செய்யாதுன்னு புரியும். மார்டர் பசியில வயர் கடிக்கறதில்ல. இன்ஜின் சூடு, பாதுகாப்பான இடுக்கு, இதுக்காகத்தான் உள்ள வருது. அதோட குட்டிங்க நாய்க்குட்டி மாதிரி எதையும் வாயில வச்சுப் பார்க்கும், அது ஒரு பக்கம். ஆனா பெரிய நாசம் எப்ப நடக்குதுன்னா, ஒரு ஆண் மார்டர் தன்னோட ஏரியாவுல நிக்கிற கார்ல வேற ஒரு ஆணோட வாசனை வந்தா அப்பதான். கோவத்துல அந்த வாசனை எங்க இருக்கோ அங்க எல்லாம் கடிச்சுக் குதறும். வசந்தத்துலேர்ந்து கோடை முடிய இந்த ஏரியாச் சண்டை உச்சத்துல இருக்கும், ஜூன் கடைசிலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் இணை சேர்ற காலம் வேற. அதனாலதான் வீட்டு வாசல்ல ஒரு ராத்திரி, நண்பர் வீட்டுல ஒரு ராத்திரின்னு மாத்தி மாத்தி நிறுத்துற கார்தான் அதிகமா அடி வாங்குது. ஒரே இடத்துல வருஷக்கணக்கா நிக்கிற கார்ல மார்டர் வந்து போயிட்டே இருக்கும், பெரும்பாலும் கடிக்காது, ஓனருக்கு அது வர்றதே தெரியாது. நாம ஊரு விட்டு ஊரு போய் அங்கத்து மார்டரோட வாசனையை ஏத்திட்டு வர்றோம், நம்ம வீட்டு மார்டர் அதைப் பார்த்துக் கொதிச்சுப் போகுது.

1970கள்ல சுவிட்சர்லாந்துலதான் இந்தக் கார் கடி முதல்ல கவனத்துக்கு வந்துது, இன்னைக்கு ஜெர்மனில மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனிங்க வருஷத்துக்கு 2 லட்சம் கேஸ் அளவுக்கு பணம் கொடுக்குது. அதனால மார்க்கெட்ல பொருளுக்குப் பஞ்சமில்ல, குப்பைக்கும் பஞ்சமில்ல.

முதல்ல அல்ட்ராசோனிக் பெட்டி, அதாவது மனுஷக் காதுக்குக் கேக்காத சத்தத்தால விரட்டுற பெட்டி. 20 யூரோலேர்ந்து கிடைக்கும், மாட்டுறதும் சுலபம். என் கார்ல இது இருந்தப்பவே மறுபடி தடம் விழுந்துது. காரணம் இருக்கு. ஒரே சத்தம் ஒரே மாதிரி வந்துட்டே இருந்தா மார்டர் சீக்கிரம் பழகிடும். அல்ட்ராசவுண்ட் சுவரைத் தாண்டாது, இன்ஜின் பிளாக்குக்குப் பின்னாடி அந்தச் சத்தமே இருக்காது, அது அங்க நிம்மதியாப் படுத்துக்கும். விலை கூடின மாடல்ல சத்தத்தோட அதிர்வெண் மாறி மாறி வரும், எல்இடி ஃபிளாஷும் இருக்கும், அது கொஞ்சம் பரவால்ல. ஆனா இன்னொரு பிரச்சனை யாரும் சொல்றதில்ல: சில பெட்டி 12 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துலயே ஆரம்பிக்குது, நம்மள்ல வயசானவங்க காதுக்குக் கேக்காட்டியும் குழந்தைங்க காதுக்கு நல்லாவே கேக்கும். பக்கத்து வீட்டுப் பொண்ணு "அங்கிள், உங்க கார் கீச்சுனு கத்துது"ன்னு வந்து சொன்னா, அன்னைக்கே கழட்டிட்டேன்.

நாய் முடியைப் பையில கட்டித் தொங்க விடுறது, டாய்லெட்ல போடுற வாசனைக் கட்டி, மிளகு ஸ்பிரே, இதெல்லாம் குரூப்ல யாராவது எழுதிட்டே இருக்காங்க. ஜெர்மனியோட கார் ஓட்டுறவங்க சங்கமான ஏடிஏசியும் இந்த வீட்டு வைத்தியத்தை நம்ப வேண்டாம்னுதான் சொல்லுது. ரெண்டு நாள் மழையிலயும் இன்ஜின் சூட்லயும் வாசனை போயிடும், அதுக்குள்ள மார்டரும் பழகிடும். கம்பி வலையை மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி காருக்கு அடியில வைக்கிறது மட்டும் விதிவிலக்கு, கால் வச்சா ஆடுற வலையில நடக்கறது அதுக்குப் பிடிக்காது. ஆனா சொந்த பார்க்கிங் இடம் இருக்கறவங்களுக்குத்தான் அது சரிப்படும், தெருவுல நிறுத்துறவங்க வலையைத் தூக்கிட்டு அலைய முடியாது.

சரி, ஷாக் கிட். பெட்டிக்குள்ள ஒரு சின்ன கண்ட்ரோல் யூனிட், ஒரே வயர்ல கோர்த்த மாதிரி ஆறு பிளேட், பானட் ஸ்விட்ச் ஒண்ணு, கேபிள் டை ஒரு கொத்து. தோட்டத்துல மாடு ஆடு தாண்டாம இருக்க மின்வேலி போடுவாங்களே, அதே தத்துவம்தான். பிளேட்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு உலோகப் பரப்பு, நடுவுல பிளாஸ்டிக். மார்டரோட ஈரமான பாதமோ மூக்கோ ரெண்டையும் ஒரே நேரத்துல தொட்டா கெப்பாசிட்டர்ல சேர்ந்திருக்கிற சார்ஜ் ஒரு நொடியில இறங்கும். என் கிட்ல 300 வோல்ட்னு போட்டிருக்கு. கரண்ட் ரொம்பக் கம்மி, ஒரு சுரீர், அவ்வளவுதான், உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ரோமத்துல பட்டா ஷாக் ஏறாது, அதனால அது காலை வச்சே ஆகவேண்டிய இடமாப் பார்த்து பிளேட் வைக்கணும், இதுலதான் மொத்த வித்தையும் இருக்கு.

அண்ணன்தான் உக்காந்து இடம் காட்டினார். வண்டியை லிஃப்ட்ல ஏத்தி அடியிலேர்ந்து அது ஏறக்கூடிய வழியைத் தேடினோம். ரெண்டு பக்கம் வீல் மேல இருக்கிற சந்து, ஸ்டியரிங் ராட் பக்கம், இக்னிஷன் கேபிள் முன்னாடி, கூலன்ட் ஹோஸ் மேல, பேட்டரி மூடி. எக்ஸாஸ்ட் பக்கமும் ஃபேன் பக்கமும் வயர் போகக் கூடாது, சூட்டுல உருகிடும். பானட் ஸ்விட்ச் இருக்கிற கிட்டா பார்த்து வாங்குங்க, பானட் திறந்த உடனே கரண்ட் நின்னுடும், இல்லன்னா ஆயில் செக் பண்ணப் போற நமக்கே ஷாக். பேட்டரி வோல்டேஜ் இறங்கினா தானா அணைஞ்சுடுதான்னும் பாருங்க, லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தா வண்டி ஸ்டார்ட் ஆகணும் இல்லையா. என் கிட்ல ரெண்டுமே இருக்கு.

இதை மாட்டறதுக்கு முன்னாடி இன்ஜின் வாஷ். திரும்பத் திரும்பச் சொல்றேன்னு நினைக்காதீங்க, இதைச் சொல்லத்தான் இந்த ரிவ்யூவே. பழைய வாசனை உள்ள இருந்தா மார்டர் வெறியில வரும், வெறியில வர்றதுக்கு ஒரு ஷாக் பத்தாது, பிளேட் இல்லாத இடமாப் பார்த்துக் கடிச்சுட்டுப் போகும். வாசனையைப் போக்கின பிறகு வர்ற மார்டர் வேவு பார்க்கத்தான் வருது, மெதுவா மோந்துட்டே வரும், மூக்குல ஒரு சுரீர் பட்டா "இந்த இடம் நமக்கு வேண்டாம்"னு கத்துக்கும். என் கிட்டோட மேனுவல்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, எனக்கு அதுல நிஜமாவே கோவம். வீட்டு வாசல்ல ஹோஸ் பைப் வச்சு நீங்களே கழுவிடாதீங்க, எண்ணெய்த் தண்ணி மண்ணுல இறங்கும்னு இங்க அதுக்குத் தடை, எண்ணெயைப் பிரிச்சு எடுக்கிற வசதி இருக்கிற வொர்க்ஷாப்லதான் பண்ணணும். எலக்ட்ரிக் பாகங்களை மூடிட்டுக் கழுவவும் அவங்களுக்குத்தான் தெரியும். கார் நிக்கிற இடத்துத் தரையையும் தேய்ச்சுக் கழுவி விடுங்க.

மாட்டினதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னா, முதல் சில வாரம் காரோட மேல்பக்கம் தடம் இருந்துச்சு, வின்ட்ஷீல்ட்ல மண்ணு ஒட்டின கால், ஆனா பானட்டுக்குள்ள ஒண்ணுமில்ல. கோடை முழுக்க வாரா வாரம் திறந்து பார்த்தேன், புதுக் கடி ஒண்ணு கூட இல்ல. அது எங்க தெருவை விட்டுப் போகவும் இல்ல, எதிர்வீட்டுக் கொட்டகை ஓட்டுல ராத்திரி அது ஓடுறதை இப்பவும் பார்க்கிறேன், பார்க்க அவ்வளவு அழகு.

குறைன்னா இருக்கு. வயர் நீளம் பத்தாது, பெரிய இன்ஜின் பகுதி இருக்கிற வண்டிக்கு கடைசி பிளேட் எட்டவே எட்டாது. பானட் ஸ்விட்ச் தாங்கி மெல்லிசு தகடு, ஒரு தடவை கை பட்டு வளைஞ்சா பானட் மூடினாலும் யூனிட் ஆன் ஆகாது, நான் மாட்டினப்பவே வளைஞ்சு நிமித்த வேண்டியதாப் போச்சு. ஆன்ல இருக்கான்னு காட்டுற சின்ன எல்இடி யூனிட்டோட பக்கவாட்டுல இருக்கு, மாட்டின பிறகு கண்ணுக்கே தெரியல. குளிர்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்பு பிளேட் மேல படியும், வசந்தம் வர்றதுக்கு முன்னாடி ஈரத்துணியால துடைச்சு காய வைக்கணும், இதையும் மேனுவல் சொல்லல.

இப்ப இன்னொண்ணு. விஷம் வைக்கலாமா, பொறி வச்சுப் பிடிச்சு வேற இடத்துல விட்டுடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. கூடவே கூடாது. மார்டர் இங்க வேட்டைச் சட்டத்துக்குக் கீழ வர்ற பிராணி, லைசென்ஸ் இல்லாதவங்க அதைத் தொடவே முடியாது, குட்டி வளர்க்கிற காலத்துல வேட்டைக்காரருக்கே தடை. கோடையில இணை சேர்ந்தாலும் கரு மாசக்கணக்குல வளராம அப்படியே காத்திருக்கும், குட்டி பிறக்கறது மார்ச் ஏப்ரல்ல, அப்ப தாயைப் பிடிச்சுட்டா பரண்ல குட்டிங்க பட்டினியில சாகும். சட்டத்தை விடுங்க, கணக்குப் போட்டுப் பார்த்தாலும் நஷ்டம்தான். ஒரு மார்டரை அகத்தினா அந்த ஏரியா காலி, அடுத்த மார்டர் வந்து உக்காரும், புதுசா வர்றவன் பழையவனோட வாசனை இருக்கிற எல்லா காரையும் குதறுவான். உங்க தெரு மார்டர் ஷாக் வாங்கிப் பாடம் படிச்ச மார்டரா இருக்கிறதுதான் உங்களுக்கு லாபம், அதுவே மத்த மார்டருங்களை உள்ள விடாமப் பார்த்துக்கும்.

ஐரோப்பாவுல இந்த இனத்துக்கு நடந்ததைப் படிச்சா மனசு கஷ்டமா இருக்கும். ரோமத்துக்காக நூத்தாண்டு நூத்தாண்டா வேட்டையாடினாங்க. குரோஷியாப் பகுதியில மத்திய காலத்துல மார்ட்டென் தோலாலயே வரி கட்டியிருக்காங்க, 2022 கடைசி வரைக்கும் அந்த நாட்டுப் பணத்தோட பேரே குனா, அதாவது மார்ட்டென், இப்ப அவங்க 1 யூரோ காசுலயும் அந்த உருவம்தான் இருக்கு. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் பைன் மார்ட்டென் கிட்டத்தட்ட அழிஞ்சே போயிடுச்சு, 2015லேர்ந்து 2017க்குள்ள ஸ்காட்லாந்துலேர்ந்து 51 உயிரைப் பிடிச்சுட்டு வந்து வேல்ஸ் காட்டுல விட்டாங்க. அயர்லாந்துல பைன் மார்ட்டென் திரும்பப் பெருகின இடத்துல, வெளிநாட்டுலேர்ந்து வந்த சாம்பல் அணில் குறைஞ்சு, மண்ணோட சொந்த சிவப்பு அணில் தலை தூக்கியிருக்கு. கோழிக்கூட்டுல பூந்தா ஒண்ணு விடாமக் கொல்லும்னு இதுக்குக் கெட்ட பேரு உண்டு, அது உண்மைதான், ஆனா அதுக்குக் காரணம் குரூரம் இல்ல, அடைச்ச இடத்துல கோழி படபடன்னு அடிச்சுக்க அடிச்சுக்க அதோட வேட்டை உணர்வு நிக்காது, வெளியிலன்னா மத்த பறவை பறந்து போயிருக்கும். வயரோட இதுக்கு இருக்கிற வம்பு கார்ல மட்டும் இல்ல: ஏப்ரல் 2016ல ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வுக்கூடத்துல இதே ஸ்டோன் மார்டர் 66 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறி, உலகத்துலயே பெரிய துகள் மோதுவி (அணுத்துகளை மோத விட்டு ஆராயுற மிஷின்) நின்னு போச்சு, பாவம் அதுவும் செத்துப் போச்சு. அதே வருஷம் நவம்பர்ல இன்னொண்ணு, அதோட உடம்பு ராட்டர்டாம் இயற்கை வரலாற்று மியூசியத்துல இருக்கு. உயிரோட பார்க்கணும்னா லோயர் சாக்சனியில ஹாங்கென்ஸ்பியூட்டெல் ஓட்டர் சென்டருக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, அங்க நீர்நாயோட மார்டரும் இருக்கு.

இன்சூரன்ஸ் பத்தி சுருக்கமா. வெறும் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் (மத்தவங்களுக்கு நாம பண்ற சேதத்துக்கான கட்டாய இன்சூரன்ஸ்) மட்டும் இருந்தா மார்டர் கடிக்கு ஒரு காசு வராது. டைல்காஸ்கோல (நம்ம காருக்கே வர்ற சில வகை சேதத்துக்கான இன்சூரன்ஸ்) பெரும்பாலும் வரும், செல்ஃப் பங்கு போக மீதி கொடுப்பாங்க, கிளெய்ம் பண்ணினதால உங்க நோ கிளெய்ம் கிளாஸ் இறங்காது. ஆனா கடிச்ச ஹோஸ் மட்டும்தானா, அந்த ஹோஸ்ல கூலன்ட் ஒழுகி இன்ஜின் போனா அதுக்கும் பணம் உண்டான்னு பாலிசியில தேடிப் பாருங்க, ஃபோல்கெஷேடன்னு போட்டிருக்கும், சில பாலிசியில அது இல்லவே இல்ல, சிலதுல ஒரு உச்சவரம்பு இருக்கும். உண்மையான செலவு அங்கதான். கடிபட்ட பாகத்தைத் தூக்கிப் போடாம வொர்க்ஷாப்ல கேட்டு வாங்கி வச்சுக்குங்க, போட்டோவும் எடுத்துடுங்க.

எலக்ட்ரிக் கார் வச்சிருக்கறவங்க யோசிக்கவே வேண்டாம், வாங்கிடுங்க. அந்த ஆரஞ்சு நிற ஹை வோல்டேஜ் கேபிள்ல ஒரு பல்லு பட்டாலும் ஒட்டுப்போட விட மாட்டாங்க, முழு கேபிளையும் மாத்தணும், பில்லு ஆயிரக்கணக்குல வரும். ஆனா கிட்டை நீங்களே மாட்டாதீங்க, ஹை வோல்டேஜ் டிரெயினிங் எடுத்த மெக்கானிக்தான் அந்தப் பக்கம் கை வைக்கணும். லீசிங் கார்னா மாட்டறதுக்கு முன்னாடி கம்பெனிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடுங்க, பேட்டரில கனெக்ட் பண்ண விட மாட்டோம்னு சொன்னா தனி பேட்டரியில ஓடுற ஷாக் கிட்டும் கிடைக்குது, அதுல வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாத்துற வேலை இருக்கும், மத்தபடி வித்தியாசமில்ல. கராஜ் உள்ளவங்களுக்கும், ஒரே இடத்துலயே நிறுத்தி இதுவரைக்கும் கடியே பார்க்காதவங்களுக்கும் இது தேவையில்ல, இன்சூரன்ஸை மட்டும் சரி பாருங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார் கொடுக்கிறேன், ஒரு ஸ்டார் குறைச்சது அந்த மேனுவலுக்காக.